சுத்தம் என்று சொன்னவள்

அந்தக் கல்லூரியின் பெண்கள் மல்யுத்த அணியில் ஒரே குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அக்காள் மகள், இன்னொருத்தி தங்கை மகள். அக்காள் மகளை எல்லோரும் பெரியவள் என்றார்கள். தங்கை மகள் எதிராளியின் பிடியில் நிற்காமல் தரையோடு தரையாகச் சுழன்று வெளியே வந்துவிடுவாள். அதனால் அவளுக்குப் பம்பரம் என்று பேர் விழுந்துவிட்டது. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. மல்யுத்த மெத்தையில் இருவருக்கும் ஒரே எடைப்பிரிவு. அறை ஒன்றாக இருந்ததில் தகராறு ஏதும் வரவில்லை. எடை ஒன்றாக இருந்ததில்தான் வந்தது.

ஒவ்வோர் எடைக்கும் ஒருத்திதான் போட்டிக்குப் போய் விளையாட முடியும். இன்னொருத்தி மாற்று ஆளாகப் பேருந்தில் ஏறி, தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஓரத்தில் உட்கார வேண்டும். முதல் ஆளுக்கு ஏதாவது ஆனால்தான் மாற்று ஆளுக்கு வழி. போன வருஷம் வரை அந்த எடைக்குப் பெரியவள்தான். பம்பரத்தை இந்தக் கல்லூரியில் கொண்டுவந்து சேர்த்தவளும் அவள்தான். "அனுப்பு சித்தி, நான் பார்த்துக்கறேன்" என்று தன் வாயாலேயே சொன்னாள். சொன்னபடி பார்த்தும் கொண்டாள். அடிபடாமல் எப்படி விழுவது, கழுத்தை எப்படி உள்ளே இழுத்துக்கொள்வது, எதிராளியின் ஒரு காலை மட்டும் குறிவைத்து எப்படி உள்ளே பாய்வது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். இந்த வருஷத் தேர்வில் பம்பரம் அதே ஒற்றைக்கால் பிடியைப் போட்டு அவளையே மல்லாத்திவிட்டாள்.

பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் கை தட்டினார். அவர் கை தட்டுகிற ஆளே இல்லை. கோப்பை ஜெயித்துக்கொண்டு வந்தாலும் "ஷூவைக் கழட்டி வை" என்பதுதான் அவருடைய பாராட்டு. அன்றைக்குத் தட்டியது மட்டுமல்ல, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த பெரியவளிடமே வந்து, "பார்த்தியா உன் தங்கச்சியை" என்றார். தோற்றதைக்கூட அவள் ஒருவழியாக விழுங்கிவிட்டாள். அந்தக் கைதட்டல்தான் தொண்டையிலேயே நின்றுகொண்டது.

அதற்குப் பிறகு பம்பரம் எதைச் செய்தாலும் அவளுக்கு வயிறு எரிந்தது. படுத்த மாத்திரத்தில் தூங்கிவிடுகிறாளே என்று எரிந்தது. அலாரம் அடிப்பதற்கு முன்னால் தானாக எழுந்துகொள்கிறாளே என்று எரிந்தது. எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது, அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "அக்கா, என் சீப்பைப் பார்த்தியா, அக்கா, சாப்பிடப் போலாமா" என்று முன்போலவே பின்னால் சுற்றியதுதான். ஜெயித்தவள் கொஞ்சம் திமிராக இருந்தாலாவது திட்டிக்கொள்ளலாம். அதற்கும் அவள் வழி வைக்கவில்லை.

போதாததற்கு வீட்டிலிருந்து அம்மாவின் போன். அம்மாவுக்கும் சித்திக்கும் சின்ன வயதிலிருந்தே யாருடைய பின்னல் நீளம் என்பதில் ஆரம்பித்த ஒரு கணக்கு உண்டு. அது இப்போது பிள்ளைகள் வரை வந்திருந்தது. சித்தி காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாளாம், தன் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று. சந்தோஷம்தான், நம்ம குழந்தைதானே என்று அம்மா ஆரம்பித்தாள். பிறகு பேச்சை மாற்றினாள். "நீ சரியாச் சாப்பிடறதில்லையோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் வேறு ஒரு கேள்வி இருந்ததைப் பெரியவள் தெரிந்துகொண்டாள். வகுப்பு இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

இனி பிசியோ மேடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நடந்ததெல்லாம் அவர் போட்ட சட்டத்தை ஒட்டித்தான் நடந்தது.

மல்யுத்தப் போட்டியில் எடை பார்ப்பதற்கு முன்னால் ஒரு டாக்டர் தோலைப் பார்ப்பார். சீழ் வைத்த கட்டியோ ஈரம் கசியும் புண்ணோ இருந்தால் மெத்தையில் ஏற விடமாட்டார். பிளாஸ்திரி போட்டு மூடிக்கொண்டு வந்தாலும் விடமாட்டார். போன வருஷம் இவர்கள் அணியில் மூன்று பேரை அப்படி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒருத்தியின் முழங்கையில் வந்த கொப்புளம், ஒரே துண்டில் மாற்றி மாற்றி முகம் துடைத்ததில் மூன்று பேருக்கு ஆகியிருந்தது. மற்ற கல்லூரிப் பெண்கள் இவர்கள் உட்கார்ந்த பெஞ்சைவிட்டு எழுந்து தள்ளிப் போனார்கள். மாஸ்டர் திரும்பி வரும் வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் கல்லூரி ஒரு பிசியோவை வேலைக்கு வைத்தது.

அவர் குள்ளமான அம்மாள். குரல் மட்டும் நாலு ஆள் உயரம். வந்த முதல் நாளே துண்டுகளை எல்லாம் ஒரு குவியலாகப் போடச் சொல்லி, எது யாருடையது என்று கேட்டார். பாதிக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு நிறத்தில் துண்டு. பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து அரட்டை அடிக்காமல் நேரே சோப்புப் போட்டுக் குளியல். ரேசர் இரவல் கிடையாது. முழங்கால் பட்டையைப் பைக்குள் ஈரமாகத் திணிக்கக் கூடாது, துவைத்து வெயிலில் காட்ட வேண்டும். மெத்தையை மருந்துத் தண்ணீரால் துடைத்ததும் உலர்ந்த துணியால் ஒற்றக் கூடாது, அது தானாகக் காய வேண்டும், அப்போதுதான் கிருமி சாகும். இதையெல்லாம் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே பழகிக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் புதிது, ஜோடிப் பார்வை. சனிக்கிழமைதோறும் உடை மாற்றும் அறையில் இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். தன் கண்ணுக்கு எட்டாத இடங்களை, பிடரி, முதுகு, தொடையின் பின்பக்கம் எல்லாவற்றையும் கூட்டாளி பார்ப்பாள். ஒன்றும் இல்லாவிட்டால் உரக்கச் "சுத்தம்" என்று சொல்ல வேண்டும். ஒரு சின்னப் பரு தெரிந்தாலும் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். பிசியோ மேடம் கதவருகே நின்று காதால் கேட்பார். அவரே பார்த்துவிடலாமே என்று ஒருத்தி கேட்டதற்கு, "நான் வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கறவ. கூடவே இருக்கறவளுக்குத்தான் எது புதுசுன்னு தெரியும்" என்றார். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னார். இருப்பதை மறைத்துச் சுத்தம் என்று சொன்னவள் எவளானாலும் போட்டிப் பேருந்தில் ஏற முடியாது.

பெரியவளும் பம்பரமும் ஜோடி. ஒரே அறை, அக்கா தங்கை, வேறு யாரைப் போடுவார்கள்?

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்த சனிக்கிழமை அது. டியூப் லைட் வெளிச்சத்தில் பம்பரம் சுவரைப் பார்த்து நின்றாள். நின்றபடியே அடுத்த ஜோடியிலிருந்த பஞ்சுவிடம் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தாள். பஞ்சு கீழ் எடைப்பிரிவில் மாற்று ஆள். யார் பிடித்தாலும் சிரித்துக்கொண்டே மெத்தையில் சாய்ந்துவிடுவாள், அதனால் அந்தப் பேர். பெரியவள் வழக்கப்படி பிடரியைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், குனிந்து தொடையைப் பார்த்தாள்.

இடது தொடையின் பின்பக்கம், முழங்கால் மடிப்புக்குக் கொஞ்சம் மேலே, எறும்பு கடித்தது மாதிரி ஒரு சிவப்பு. நடுவில் கடுகளவு கறுத்த புள்ளி. சுற்றிலும் தோல் இழுத்துக் கட்டினாற்போல் மினுமினுத்தது. பிசியோ மேடம் படம் காட்டி விளக்கியபோது சொன்னது அப்படியே நினைவு வந்தது: பூச்சிக் கடி என்று நினைத்து விட்டுவிடுவீர்கள், அதுதான் பொல்லாதது.

"இருக்கு" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்த இடத்தில் நின்றும்விட்டது.

ஏனென்றால் பெரியவள் எதையும் வரிசையாக யோசிக்கிறவள். இன்றைக்குச் சொன்னால் என்ன ஆகும்? டாக்டரிடம் அனுப்புவார்கள், மாத்திரை கொடுப்பார்கள், மூடிக் கட்டுவார்கள், ஒரு வாரம் மெத்தைப் பக்கம் வராதே என்பார்கள். போட்டிக்குள் ஆறிவிடும். பம்பரம் போவாள். மாஸ்டர் மறுபடி கை தட்டுவார். சொல்லாவிட்டால்? அது பழுக்கும். போட்டி வாசலில் டாக்டர் பார்ப்பார். அப்புறம் மாற்று ஆள் யார் என்று கேட்பார்கள். இதில் யாரும் யாரையும் கையை நீட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல், அவ்வளவுதான்.

"என்னக்கா, தேடிக்கிட்டே இருக்கே? எதையாவது தொலைச்சிட்டியா?" என்றாள் பம்பரம் சுவரைப் பார்த்தபடி. பஞ்சு சிரித்தாள்.

"சுத்தம்" என்றாள் பெரியவள். தேவைக்கு மேல் உரக்கவே சொன்னாள். பிறகு இடம் மாறி நின்றார்கள். பம்பரம் அவள் முதுகை ஒழுங்காக, அவசரப்படாமல் பார்த்து, "சுத்தம்" என்றாள்.

அடுத்த நாள்தான் பெரியவளுக்கு உறைத்தது, தினமும் பம்பரத்தோடு கட்டிப் புரண்டு பயிற்சி செய்ய வேண்டியவள் தானேதான் என்று. அந்தக் கட்டி தனக்கும் ஒட்டிக்கொண்டால் வாசலில் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். அப்புறம் இந்தப் பாடெல்லாம் எதற்கு? ஆகவே அவளுக்குச் சுத்தத்தில் ஒரு வெறியே பிடித்துக்கொண்டது. பயிற்சிக்கு முன்னால் எல்லோருக்கும் முந்திப் போய் மெத்தையைத் துடைத்தாள். முடிந்த பிறகும் துடைத்தாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். முழுக்கைச் சட்டையும் முழுக்கால் உடையும் போட்டுக்கொண்டு வந்தாள். குளியலறையில் புகுந்தால் அடுத்தவள் கதவைத் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. தன் சோப்பை யாரும் தொடக் கூடாது என்று டப்பியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்சம் மெத்தையை விட்டுவைங்க. நாங்க விழறதுக்கு வேணும்" என்று பஞ்சு கேலி செய்தாள்.

பிசியோ மேடமோ கேலி செய்யவில்லை. அணியை எல்லாம் கூட்டி நிறுத்தி, பெரியவளைத் தன் பக்கத்தில் அழைத்து, இவளைப் பாருங்கள், இப்படி ஒருத்தி இருந்திருந்தால் போன வருஷம் அந்த மானக்கேடு வந்திருக்குமா என்று கேட்டார். பெண்கள் கை தட்டினார்கள். பம்பரம்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். எத்தனையோ நாளாக ஏங்கிய கைதட்டல் வந்தது, வந்த இடம்தான் சரியில்லை. பெரியவள் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள் மாலை பம்பரம் நாற்காலியில் உட்காரப் போனவள் சட்டென்று எழுந்தாள். பின்னால் ஏதோ குத்துகிறது என்றாள். "கொஞ்சம் பாரேன்க்கா, எனக்குத் திரும்பிப் பார்க்க வரல." பெரியவள் போனில் டார்ச்சைப் போட்டுக் குனிந்தாள். கடுகு இப்போது கோலிக்குண்டு ஆகியிருந்தது. சுற்றிலும் சிவப்பு உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. கையை அருகில் கொண்டுபோனாலே அனல் தெரிந்தது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் சனிக்கிழமை என்ன பார்த்தாய் என்ற கேள்வி வரும். இன்றைக்குச் சொல்வதற்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தப்பு செய்தவர்கள் எல்லோருக்கும் வரும் அதே கணக்கு அவளுக்கும் வந்தது.

"மெத்தை உரசினதுடி. ரெண்டு நாள்ல போயிடும். கையை வெக்காதே" என்றாள்.

சரி என்று பம்பரம் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டாள். அக்கா பார்த்துச் சொன்ன பிறகு அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை மாஸ்டர் இருவரையும் மெத்தையில் எதிர் எதிராக விட்டார். பம்பரத்தின் சுழற்சி அன்றைக்கு மந்தமாக இருந்தது. இடது காலை ஊன்றும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். எந்தக் கத்துக்குட்டியும் அந்தக் காலைப் பிடித்து அவளைக் கவிழ்த்திருப்பாள். ஆனால் பெரியவள் அந்தக் காலை மட்டும் தொடவில்லை. வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு தடவை அந்தக் கால் தானாக அவள் கைக்குள் வந்து விழுந்தது. சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

மாஸ்டர் ஊதலை ஊதினார். "என்ன, கரண்டா அடிக்குது அந்தக் காலைத் தொட்டா? வாரம் பூரா பார்க்கறேன், இடது பக்கம் போகவே மாட்டேங்கறே" என்று இரைந்தார்.

மாஸ்டர் அதை ஆட்டத்தின் குறையாகத்தான் சொன்னார். ஆனால் ஓரமாக நின்றிருந்த பிசியோ மேடம் நிமிர்ந்தார். அவர் காதில் விழுந்தது வேறு. நேரே மெத்தைக்கு வந்து, பம்பரத்தைத் திருப்பி நிறுத்தி, காலுடையை மேலே சுருட்டினார். குனிந்து கட்டியைப் பார்த்தார். பிறகு நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இருந்தது.

அணி முழுக்கச் சுற்றி நின்றுவிட்டது. இது ஒரு நாள் இரண்டு நாளில் வந்தது இல்லை, சனிக்கிழமை இவளைப் பார்த்தது யார் என்று மேடம் கேட்டார். எல்லோருக்கும் தெரிந்த பதில்தான். ஆனாலும் எல்லோரும் பெரியவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பம்பரமும் அவளைப் பார்த்தாள். முதலில் வெறுமனே பார்த்தாள். பிறகு அவள் கண்ணில் ஏதோ ஒன்று வந்து பொருந்தியது. டார்ச் வெளிச்சம், உரசல், கையை வைக்காதே என்றது, இடது பக்கம் வராமல் சுற்றியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேருவதைப் பெரியவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா பார்த்தப்ப சுத்தமாத்தான் இருந்துச்சு மேடம்" என்றாள் பம்பரம். "அப்புறமா வந்துச்சு. வலிச்சுது. சொன்னா போட்டிக்கு விடமாட்டீங்கன்னு நான்தான் மறைச்சிட்டேன்."

பிசியோ மேடம் அவளை அங்கேயே வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். ரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும் தெரியுமா, உன் ஒருத்தியால் எத்தனை பேருக்கு வரும் தெரியுமா என்று கேட்டார். பம்பரம் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் கேட்டுக்கொண்டாள். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். கீறிச் சீழை எடுத்து, கட்டுப் போட்டு, விடுதியின் நோயாளி அறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். அணியில் மற்ற எல்லோரையும் மேடமே ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். நல்ல காலம், யாருக்கும் இல்லை.

மாலையில் மாஸ்டர் போட்டி உடையைக் கொண்டுவந்து பெரியவளிடம் கொடுத்தார். "நீதான் போறே. இடது பக்கம் போகக் கத்துக்கோ" என்றார். அம்மாவுக்குச் செய்தி எப்படிப் போனதோ, போன் வந்துவிட்டது. பாவம் அந்தக் குழந்தைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அம்மா வருத்தப்பட்டாள். வருத்தம் உண்மைதான். அதற்கு அடியில் குரல் துள்ளிக்கொண்டிருந்ததும் உண்மைதான். அடுத்து சித்தி கூப்பிட்டாள். "நீ பக்கத்துல இருக்கேங்கற தைரியத்துலதான்மா நான் இருக்கேன்" என்றாள்.

எல்லாம் அவள் போட்ட கணக்குப்படியே வந்திருந்தது. சொல்லப்போனால் கணக்குக்கு மேலேயே வந்திருந்தது, பழியும் இல்லை. அறையில் உட்கார்ந்து மடியில் அந்த உடையை வைத்துக்கொண்டாள். சந்தோஷம் வரும் வரும் என்று காத்திருந்தாள். வந்தது அது இல்லை. மெத்தையில் நின்று பம்பரம் பொய் சொன்னாளே, அந்த முகம் வந்தது. அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு, இடத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு பார்வை பார்த்தாளே. தேர்வில் ஜெயித்ததாவது கையாலும் காலாலும் ஜெயித்தது. இது வேறு மாதிரி. நல்லவளாக இருப்பதிலும் அவளே ஜெயித்துவிட்டாள். இனி ஆயுள் முழுக்க, எந்த விசேஷத்துக்கு எங்கே கூடினாலும், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாமலே இருப்பாள். அந்தச் சொல்லாததைப் பார்த்துக்கொண்டே பெரியவள் சாப்பிட வேண்டும்.

மறுநாள் காலை அவள் பிசியோ மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் மருந்தும் கட்டுத்துணியும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். பெரியவள் நின்றபடியே சொன்னாள்: சனிக்கிழமையே இருந்தது, பார்த்தேன், சுத்தம் என்று சொன்னேன், நடுவில் அவள் கேட்டபோதும் பார்த்தேன், உரசல் என்று சொன்னேன்.

மேடம் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். அவர் கத்துவார் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இப்ப எதுக்கு வந்து சொல்றே? மனசு கேக்கலையா?"

"இல்ல மேடம்."

"பயமா?"

"அதுவும் இல்ல. அவ எனக்கு விட்டுக்கொடுத்துட்டா. அதை என்னால பொறுத்துக்க முடியல."

மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ புண்ணைப் பார்த்தவர், இது என்ன வகை என்று யோசிக்கிறவர் மாதிரி பார்த்தார். கடைசியில், மாஸ்டரிடம் நீயே போய்ச் சொல், நான் சொல்லமாட்டேன் என்றார்.

மாஸ்டர் கடைசிவரை கேட்டார். கையை மட்டும் நீட்டினார். பெரியவள் உடையை அதில் வைத்தாள். அவர் அதை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, மெத்தைப் பக்கம் திரும்பி, "பஞ்சு, இங்க வா" என்று கூப்பிட்டார். ஒரு பிரிவு மேலே ஏறி விளையாட விதியில் இடம் இருந்தது. பஞ்சு சிரித்துக்கொண்டே வந்தவள், விஷயம் தெரிந்ததும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அப்படி அவளை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அணியில் செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பெரியவள் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் உட்காரவில்லை. போன வருஷம் அந்தப் பெஞ்சிலிருந்து மற்றவர்கள் எழுந்து போனார்களே, அதே மாதிரிதான். இந்தத் தடவை அவள் தோலில் ஒன்றும் இல்லை.

நோயாளி அறைக்குப் போனபோது பம்பரம் குப்புறப் படுத்திருந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பெரியவள் வாசலிலிருந்த கிருமி மருந்தைக் கையில் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். பம்பரம் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

"எதுக்குப் போய்ச் சொன்னே? எனக்கும் இல்லாம உனக்கும் இல்லாமப் பண்ணிட்டே."

"உன் தயவுல போகச் சொல்றியா?"

"தயவு ஒண்ணும் இல்ல. எனக்கு இல்லைன்னா நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்னு பார்த்தேன்." கொஞ்சம் பொறுத்து, "சனிக்கிழமையே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"டார்ச் அடிச்சப்பவும்?"

"ம்."

ஜன்னலுக்கு வெளியே கொடியில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பெரியவள் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றாள்.

"கத்தி வெச்சப்ப உன் கையைத்தான் தேடினேன்" என்றாள் பம்பரம். "உன்மேல அவ்வளவு ஆத்திரத்துலயும். எனக்கே அசிங்கமா இருந்துச்சு."

பெரியவள் மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தாள். பம்பரம் தலையணைக்குள்ளிருந்தே கையை ஆட்டினாள். "இப்பக் கேக்காதே. இப்பக் கேட்டா சரின்னு சொல்லிடுவேன். எனக்கு அப்படி ஒரு வியாதி இருக்கு."

அடுத்த வருஷமும் இதே எடையில்தான் இருப்பேன், உனக்காக ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்றாள். ஏறாதே என்றாள் பெரியவள். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

போட்டி நாளன்று அணி முழுக்கப் பேருந்தில் ஏறிப் போய்விட்டது. விடுதியில் மிஞ்சியவர்கள் இந்த இரண்டு பேர்தான். பம்பரத்துக்கு இப்போது ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார முடிந்தது. நேரடி ஒளிபரப்பு போனில் வரும் என்று பஞ்சு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெரியவளிடம்தான் டேட்டா இருந்தது; பம்பரத்தின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நடுவில் போனைச் சாய்த்து வைத்தாள். பேச வேண்டிய அவசியம் இல்லாததே இருவருக்கும் சௌகரியமாக இருந்தது.

முதல் ஆட்டத்தில் பஞ்சு ஒரு நிமிஷம்கூடத் தாங்கமாட்டாள் என்று பெரியவள் நினைத்தாள். பம்பரமும் அதையேதான் நினைத்தாள் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. பஞ்சு ஜெயித்தாள். எதிராளிக்குக் கால் வழுக்கிவிட்டது என்று பம்பரம் சொன்னாள். வழுக்கிவிட்டதுதான் என்று பெரியவள் ஒத்துக்கொண்டாள். இரண்டாவது ஆட்டத்தில் பஞ்சு தோற்றாள். இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு பெருமூச்சு விட்டார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, வெண்கலத்துக்கான ஆட்டம். பஞ்சு சுற்றி வந்தாள், எதிராளியின் இடது காலுக்கு உள்ளே பாய்ந்தாள், தூக்கினாள், மல்லாத்தினாள். எல்லாம் அவ்வளவு சுருக்காக முடிந்தது. ஓரத்தில் மாஸ்டர் எழுந்து நின்று கை தட்டுவது போனின் சின்னத் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

"தட்டறாரு பாரு" என்றாள் பம்பரம்.

"பார்த்தேன்."

"எனக்குத் தட்டினப்ப உட்கார்ந்துட்டுத்தானே தட்டினாரு?"

"உட்கார்ந்துட்டுத்தான்."

"அக்கா, யாரு அவளுக்கு அந்தப் பிடியைச் சொல்லிக்கொடுத்தது?"

"நான் இல்லடி. உன்கிட்ட பார்த்துக் கத்துக்கிட்டிருப்பா."

"நான் எங்க சொல்லிக்கொடுத்தேன்? அவ எப்பவும் சிரிச்சிக்கிட்டுக் கிடப்பா. சிரிச்சிக்கிட்டே நோட்டம் விட்டிருக்கா பாரேன்."

திரையில் பஞ்சு பதக்கத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் போட்டிருந்த உடை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அது தன் அளவு என்று பெரியவள் நினைத்தாள். என் அளவு என்று பம்பரம் வாய்விட்டே சொன்னாள். இருவருக்கும் வயிறு ஒரே அளவில் எரிந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாகப் பெரியவளுக்குத் தன் எரிச்சலில் ஒரு துணை கிடைத்திருந்தது. ஏதோ கொஞ்சம் காற்று வந்தது மாதிரி இருந்தது.

ஒரு வாழ்த்தாவது அனுப்ப வேண்டாமா, அனுப்பாவிட்டால் நன்றாக இருக்காதே என்றாள் பம்பரம். அனுப்பத்தான் வேண்டும் என்று பெரியவள் போனை எடுத்தாள். "சூப்பர்" என்று அடித்தாள். அவ்வளவு வேண்டாம் என்று பம்பரம் அழிக்கச் சொன்னாள். "வாழ்த்துகள்" என்று அடித்தாள். அது ரொம்ப விறைப்பாக இருக்கிறது, வயிற்றெரிச்சல் என்று கண்டுபிடித்துவிடுவாள் என்றாள் பம்பரம். கடைசியில் "நல்லா விளையாடினே" என்பதில் வந்து நின்றார்கள். அது பொய்யும் இல்லை.

"அனுப்பு" என்றாள் பம்பரம்.

"நீ அழுத்து" என்று பெரியவள் போனை அவள் பக்கம் தள்ளினாள்.

"உன் போன்தானே. நீயே அழுத்து."